போனிலேயே சி புரோகிராம் எழுதி, கம்பைல் செய்து, ஓட்டுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

நீடாமங்கலம், வலங்கைமான் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் கல்லூரி முதல் வருஷத்தில் சி மொழி படிக்கிறார்கள். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. லேபிலும் வாரத்துக்கு ஒரு நாள்தான், ஒரு மெஷினுக்கு இரண்டு மூன்று பேர். கையில் இருப்பது ஆண்ட்ராய்ட் போன் மட்டும். இரண்டு வருஷமாகச் சாயங்காலங்களில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்து, அந்தப் போனிலேயே எழுதி ஓட்டக் கற்றுக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். யார் எந்த இடத்தில் தடுமாறுவார்கள் என்பது எனக்கு இப்போது மனப்பாடம். அந்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

எழுதுவது ஒரு வேலை, கம்பைல் செய்வது இன்னொரு வேலை, ஓட்டுவது மூன்றாவது வேலை. கம்பைல் என்றால் நாம் எழுதியதைப் போன் ஓட்டக்கூடிய புரோகிராமாக மாற்றுவது, அதைச் செய்வது கம்பைலர். இந்த மூன்றும் மனதில் தனித்தனியாக நின்றுவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. "அக்கா, ரன் ஆகலை" என்று வருகிற பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்கு கம்பைலே ஆகியிருக்காது, ஆனால் அது அவர்களுக்குத் தெரியாது.

கட்டளைகளை நான் வாயால் சொல்லிக்கொடுப்பது போலத் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். போனில் அடிக்கும்போது எல்லாமே ஆங்கிலச் சின்ன எழுத்துகள். புள்ளி, கோடு, அடைப்பு எல்லாம் நான் போட்டிருக்கிறபடியே போடுங்கள். நடுவில் இடம் விட்டிருந்தால் இடம் விடுங்கள், சேர்ந்திருந்தால் சேர்த்து அடியுங்கள்.

1. உட்காருவதற்கு முன் பார்த்துக்கொள்ள வேண்டியவை

போன் ஆண்ட்ராய்ட் 7 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். செட்டிங்ஸில் "அபவுட் போன்" பகுதியில் பார்க்கலாம்.

இடம் குறைந்தது ஒன்றரை ஜிபி காலியாக இருக்கட்டும். கம்பைலர் பெரிய சாமான். பாதி இறங்கும்போது இடம் தீர்ந்துபோனால் அரைகுறையாக நின்றுவிடும், அதைச் சரிசெய்வதைவிட முதலிலேயே நாலு வீடியோவை அழித்துவிடுவது சுலபம்.

நெட் முதல் நாள் மட்டும்தான் வேண்டும். நல்ல சிக்னல் இருக்கிற இடத்தில் உட்கார்ந்து இறக்கிக்கொள்ளுங்கள், அன்றைக்கு டேட்டா கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும். அப்புறம் சிக்னலே இல்லாத வயல் வரப்பிலும் கம்பைல் ஆகும். ஐப்பசி கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டு டவர் போய்விட்டாலும் சார்ஜ் இருக்கிறவரை வேலை ஓடும். ஆன்லைன் கம்பைலரை விட்டு இந்த வழியை நான் பிடித்துக்கொண்டதற்கு அது ஒரு பெரிய காரணம்.

2. எந்த ஆப்?

மூன்று வழி இருக்கிறது. ஒன்று, ஆன்லைன்ஜிடிபி மாதிரி பிரவுசரில் ஓடும் கம்பைலர். எதையும் இறக்க வேண்டாம், ஆனால் நெட் இல்லையென்றால் ஒன்றுமில்லை. இரண்டு, சிஎக்ஸ்எக்ஸ்டிராய்ட் மாதிரி ஒரே பட்டனில் கம்பைல் செய்து ஓட்டியும் காட்டும் ஆப். நெட் இல்லாமலும் வேலை செய்யும். மூன்று, டெர்மக்ஸ். இது போனுக்குள் ஒரு லினக்ஸ் டெர்மினல், அதாவது கட்டளைகளை எழுத்தாக அடித்து வேலை வாங்குகிற திரை.

நான் சொல்லிக்கொடுப்பது டெர்மக்ஸில்தான். முதல் இரண்டு நாள் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரே பட்டனில் எல்லாம் நடந்துவிட்டால் எந்த இடத்தில் தப்பு நடந்தது என்று பிள்ளைகளுக்குப் பிடிபடுவதே இல்லை, கம்பைல் எரரா ஓடும்போது வந்த எரரா என்று கேட்டால் விழிக்கிறார்கள். டெர்மக்ஸில் ஒவ்வொரு படியும் உங்கள் விரலால் நடக்கிறது. நாளைக்கு லினக்ஸ் மெஷின் முன்னால் உட்கார்ந்தாலும் பெரும்பாலும் இதே கட்டளைகள்தான்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு டெர்மக்ஸ் கிடையாது. பிரவுசர் கம்பைலரில் எழுதுங்கள். 7-ம் படியிலிருந்து வரும் விஷயங்களில் பெரும்பாலானவை உங்களுக்கும் பொருந்தும்.

3. டெர்மக்ஸை எங்கிருந்து இறக்குவது

எஃப்-டிராய்ட் என்ற ஆப் தளத்துக்குப் போய் டெர்மக்ஸ் என்று தேடி, அங்கிருந்து ஏபிகே ஃபைலை (ஆப்பை நிறுவுகிற ஃபைல்) இறக்குங்கள். "இந்த பிரவுசரிலிருந்து ஆப் நிறுவ அனுமதிக்கவா?" என்று போன் கேட்கும், அந்த ஒரு தடவைக்கு அனுமதி கொடுத்துவிட்டு, நிறுவி முடிந்ததும் அனுமதியைத் திரும்ப எடுத்துவிடுங்கள்.

வாட்ஸாப்பில் நண்பன் அனுப்பிய ஏபிகே, டெலிகிராமில் கிடைத்த "புரோ" என்றெல்லாம் எதையும் நிறுவாதீர்கள். இதே போனில்தான் அப்பாவின் வங்கி ஆப்பும் இருக்கும்.

ஏற்கெனவே வேறு இடத்திலிருந்து இறக்கிய பழைய டெர்மக்ஸ் இருந்தால் முதலில் அதை நீக்குங்கள். ஒரு இடத்து ஆப் மேல் இன்னொரு இடத்து ஆப்பை ஏற்ற முடியாது, கையொப்பம் பொருந்தாது. நீக்கும்போது அதற்குள் இருந்த ஃபைல்களும் போய்விடும், அதனால் வேண்டியதை வெளியே எடுத்து வைத்துவிட்டு நீக்குங்கள்.

4. முதலில் அப்டேட், பிறகு அப்கிரேட், அதற்கப்புறம்தான் கம்பைலர்

டெர்மக்ஸைத் திறந்ததும் ஒரு நிமிஷம் எதையோ நிறுவிவிட்டு, டாலர் குறியுடன் நிற்கும். அந்த டாலர் குறிக்கு "சொல், கேட்கிறேன்" என்று அர்த்தம். இதை வரிசையாக அடியுங்கள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் என்டர்:

பிகேஜி அப்டேட்
பிகேஜி அப்கிரேட்
பிகேஜி இன்ஸ்டால் கிளாங் நானோ

பிகேஜி என்பது பி, கே, ஜி என்ற மூன்று எழுத்து. கிளாங் என்பது சி, எல், ஏ, என், ஜி. அதுதான் கம்பைலர். நானோ என்பது எழுதுகிற எடிட்டர்.

அவசரப்பட்டு முதல் இரண்டையும் விட்டுவிட்டு நேராக மூன்றாவதை அடிப்பவர்கள் அதிகம். அப்படிச் செய்தால் புதிய கம்பைலரும் பழைய துணை ஃபைல்களும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல், கிளாங் என்று அடித்ததும் "கேனாட் லிங்க் எக்ஸிக்யூட்டபிள்" என்று திட்டும். பயப்பட வேண்டாம். அப்கிரேடை இப்போது ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அப்கிரேட் நடுவில் ஓரிடத்தில் நிற்கும். "இந்த அமைப்பு ஃபைலைப் பழையதாகவே வைக்கவா, புதியதைப் போடவா" என்று ஆங்கிலத்தில் நாலைந்து வரி வரும். போன் ஹேங் ஆகிவிட்டது என்று நினைத்து ஆப்பையே மூடிவிடுவார்கள். மூடக் கூடாது, என்டர் தட்டினால் போதும். இன்ஸ்டால் செய்யும்போது எவ்வளவு இடம் பிடிக்கும் என்று எம்பி கணக்கில் ஒரு வரி காட்டி, தொடரவா என்று கேட்கும். அந்த வரியைப் படித்துவிட்டு ஒய் அடித்து என்டர் தட்டுங்கள்.

இறங்கவே இல்லை, ஏதோ மிர்ரர் எரர் என்று வந்தால்:

டெர்மக்ஸ்-சேஞ்ச்-ரெப்போ

ரெப்போவுக்கு ஆர், இ, பி, ஓ. மிர்ரர் என்றால் இதே ஃபைல்களின் நகலை வைத்திருக்கிற சர்வர். வேறு மிர்ரரைத் தேர்ந்தெடுத்துவிட்டு அப்டேட்டிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள். எல்லாம் முடிந்ததும் சோதித்துப் பாருங்கள்:

கிளாங் --வெர்ஷன்

பதிப்பு எண் காட்டினால் கம்பைலர் உட்கார்ந்துவிட்டது.

5. கீபோர்டு

போன் கீபோர்டு நம்மோடு பேசுவதற்காகச் செய்தது, சி மொழிக்காகச் செய்தது அல்ல. வாக்கிய ஆரம்பத்தில் தானாகப் பெரிய எழுத்தாக்கும், இரண்டு முறை ஸ்பேஸ் தட்டினால் புள்ளி வைக்கும், சொல்லைத் திருத்தும். சி மொழியில் சின்ன எழுத்தும் பெரிய எழுத்தும் வேறு வேறு. பெரிய ஐயில் இன்ட் என்று அடித்தால் கம்பைலருக்கு அது தெரியாத சொல். அதனால் கீபோர்டு செட்டிங்ஸில் தானாகத் திருத்துவது, தானாகப் பெரிய எழுத்தாக்குவது, இரட்டை ஸ்பேஸ் புள்ளி மூன்றையும் நிறுத்திவிடுங்கள்.

அதைவிடப் பெரிய தொல்லை மேற்கோள் குறி. சி மொழிக்கு வேண்டியது நேராக நிற்கும் " மட்டும். பிடிஎஃப் நோட்ஸிலிருந்தோ வேறு எங்கிருந்தோ காப்பி செய்தால் வளைந்த “ ” வந்து உட்கார்ந்துவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். போன மாசம் ஒரு பெண் மூன்று சாயங்காலம் இதிலேயே முட்டிக்கொண்டிருந்தாள், வரியைப் பெரிதாக்கிக் காட்டியபோதுதான் குறி வளைந்திருப்பது தெரிந்தது. "அன்எக்ஸ்பெக்டட் கேரக்டர்" என்றும், பக்கத்தில் 201சி, 201டி மாதிரி எண்ணும் வந்தால் இதுதான் காரணம். ஆரம்பத்தில் காப்பியே வேண்டாம், கையால் அடியுங்கள்.

டெர்மக்ஸில் கீபோர்டுக்கு மேலே ஒரு வரிசை பட்டன் இருக்கும்: எஸ்கேப், டேப், கன்ட்ரோல், ஆல்ட், அம்புக்குறிகள். கன்ட்ரோலைத் தொட்டுவிட்டு அடுத்து எழுத்தைத் தொட வேண்டும், சேர்த்து அழுத்தத் தேவையில்லை. வால்யூம் குறைக்கும் பட்டனும் கன்ட்ரோலாக வேலை செய்யும்.

6. தனி ஃபோல்டர், அதுவும் டெர்மக்ஸுக்குள்ளேயே

எம்கேடிஐஆர் லேப்
சிடி லேப்

இரண்டு வரியிலும் வருகிற டி, டீசலின் ஆங்கில டி. முதல் வரி லேப் என்ற ஃபோல்டரை உண்டாக்கும், இரண்டாவது அதற்குள் போகும். முதல் வரி ஒரே ஒரு தடவைதான். இரண்டாவதை ஒவ்வொரு தடவை டெர்மக்ஸ் திறக்கும்போதும் அடிக்க வேண்டும், ஏனென்றால் ஆப் எப்போதும் ஹோம் என்ற தன் முதல் ஃபோல்டரில்தான் திறக்கும். "நேத்து எழுதின புரோகிராமைக் காணோம் அக்கா" என்று பதறி வருபவர்களிடம் நான் கேட்கிற முதல் கேள்வி, "சிடி அடிச்சியா?" எல்எஸ் என்று அடித்தால் அந்த ஃபோல்டரில் என்னென்ன இருக்கிறது என்று காட்டும்.

ஃபைல் மேனேஜரில் தெரிய வேண்டும் என்பதற்காக டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் போய் வேலை செய்யாதீர்கள். அங்கே எழுத முடியும், கம்பைலும் ஆகும், ஓட்டும்போது "பெர்மிஷன் டிநைட்" வரும். போனின் பொது சேமிப்பிடத்தில் எந்தப் புரோகிராமையும் ஓட்ட ஆண்ட்ராய்ட் விடாது, பாதுகாப்புக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். இணையத்தில் பார்த்து, ஃபைலுக்கு அனுமதி கொடுக்கிற சிஎச்மாட் கட்டளையை எத்தனை தடவை போட்டாலும் அங்கே நடக்காது. ஃபைலை டெர்மக்ஸ் ஹோமுக்குள் கொண்டுவருவதுதான் வழி.

7. எழுதுவது

நானோ -எல் நெல்.சி

நெல் என்பதற்கு என், இ, எல். கடைசியில் புள்ளி சி கட்டாயம், அதைப் பார்த்துத்தான் கம்பைலர் இதை சி புரோகிராம் என்று எடுத்துக்கொள்ளும். அந்த -எல் வரி எண்களைக் காட்டுவதற்கு, எரர் பார்க்கும்போது அதன் அருமை தெரியும். இப்போது இதை அடியுங்கள்:

#இன்க்ளூட் <எஸ்டிடிஐஓ.ஹெச்>

இன்ட் மெயின்(வாய்ட்)
{
    பிரின்ட்எஃப்("வணக்கம் தஞ்சாவூர்\என்");
    ரிட்டர்ன் 0;
}

எஸ்டிடிஐஓ என்பதை ஸ்டுடியோ என்று படித்து அப்படியே அடிப்பவர்கள் வருஷத்துக்கு நாலு பேராவது இருக்கிறார்கள். எஸ், டி, டி, ஐ, ஓ: இதில் முதல் டி தண்ணீர் டம்ளரின் ஆங்கில டி, இரண்டாவது டி டீசலின் ஆங்கில டி. பிரின்ட்எஃப் ஒரே சொல், நடுவில் இடம் கிடையாது. \என் என்பது சாய்கோடும் ஆங்கில என் எழுத்தும், புது வரிக்கு. சாய்கோடு இடமிருந்து வலமாகக் கீழே இறங்குவது. மற்றதைப் போட்டால் எரர் வராது, ஆனால் திரையில் அந்தக் கோடும் எழுத்தும் அப்படியே வந்து நிற்கும்.

சேமிக்க: கன்ட்ரோல், ஓ, என்டர். வெளியே வர: கன்ட்ரோல், எக்ஸ். கன்ட்ரோல் ஓ தொட்டதும் கீழே ஃபைல் பெயரைக் காட்டிக் கேட்கும், அங்கே என்டர் தட்டினால்தான் சேமிப்பு முடியும்.

எழுதிக்கொண்டிருக்கும்போது வாட்ஸாப் பார்க்கப் போவதாக இருந்தால் முதலில் சேமியுங்கள். ஆண்ட்ராய்ட் 12-க்குப் பிறகு வந்த போன்களில் பின்னால் போன டெர்மக்ஸை சிஸ்டம் நிறுத்திவிடுவது உண்டு, திரும்பி வந்தால் "சிக்னல் 9" என்று ஒரு வரி மட்டும் நிற்கும்.

8. கம்பைல் செய்வது

கிளாங் -வால் நெல்.சி -ஓ நெல்

-வால் என்பதில் டபிள்யூ மட்டும் பெரிய எழுத்து, அடுத்து சின்ன ஏ, எல், எல். எச்சரிக்கைகளை எல்லாம் காட்டு என்று அர்த்தம். -ஓ நெல் என்றால் கிடைக்கிற புரோகிராமுக்கு நெல் என்று பெயர் வை என்று அர்த்தம். இதை விட்டுவிட்டால் ஏ.அவுட் என்று அதுவே ஒரு பெயர் வைத்துக்கொள்ளும், அடுத்த புரோகிராமும் அதே பெயரில் வந்து பழையதை அழித்துவிடும்.

-ஓவுக்குப் பின்னால் ஒருபோதும் .சி என்று முடிகிற பெயரைக் கொடுக்காதீர்கள். நீங்கள் எழுதிய ஃபைல் மேலேயே எழுதிவிடுகிற ஆபத்து இருக்கிறது.

என்டர் தட்டியதும் ஒன்றுமே சொல்லாமல் டாலர் குறி திரும்பி வந்தால் வெற்றி. புதிதாக வருபவர்கள் "ஒண்ணுமே வரலையே" என்று அதையே திரும்பத் திரும்ப அடிக்கிறார்கள். கம்பைலர் பேசாமல் இருந்தால் நல்ல செய்தி.

9. ஓட்டுவது

./நெல்

புள்ளி, / சாய்கோடு (புது வரிக்குப் போட்டது அல்ல, அதற்கு எதிர்ப்பக்கம் சாய்வது), பெயர். இடம் விடாமல். புள்ளி என்றால் "நான் இப்போது இருக்கிற ஃபோல்டர்". வெறுமனே நெல் என்று அடித்தால் டெர்மக்ஸ் தன் சொந்தக் கட்டளைகளில் தேடிப் பார்த்துவிட்டு, அப்படி ஒன்று இல்லை என்று சொல்லும்.

இதில் ஒரு விசேஷமான குழி இருக்கிறது. புரோகிராமுக்கு டெஸ்ட் என்று பெயர் வைத்துவிட்டு, ./ இல்லாமல் டெஸ்ட் என்று மட்டும் அடித்தால் எரரும் வராது, விடையும் வராது. டெஸ்ட் என்று ஏற்கெனவே ஒரு கட்டளை இருக்கிறது, ஓடியது அதுதான். டெஸ்ட் என்ற பெயரையே தவிர்த்துவிடுங்கள்.

./நெல்.சி என்று ஓட்டப் பார்ப்பதும் தப்பு. .சி ஃபைல் நாம் எழுதிய எழுத்து, ஓடுவது கம்பைலர் செய்து கொடுத்தது.

ஃபைலைத் திருத்திவிட்டு, கம்பைல் செய்ய மறந்து, நேராக ஓட்டுவதுதான் எல்லாவற்றிலும் அதிகமாக நான் பார்ப்பது. பழைய புரோகிராமே ஓடும், பழைய தப்பே வரும், "மாத்தினேன் அக்கா, மாறவே இல்லை" என்பார்கள். அதனால் இரண்டு நாள் தனித்தனியாக அடித்துக் கை பழகிய பிறகு, இப்படி ஒரே வரியாக்கிக்கொள்ளுங்கள்:

கிளாங் -வால் நெல்.சி -ஓ நெல் && ./நெல்

நடுவில் உள்ள இரண்டு & குறி, கம்பைல் சரியாக முடிந்தால் மட்டும் ஓட்டு என்று சொல்கிறது. ஒருமுறை அடித்தால் போதும், அடுத்த தடவை மேல் அம்புக்குறியைத் தொட்டால் அதே வரி திரும்ப வரும்.

10. எரரைப் படிப்பது

எரர் வந்தால் திரை முழுக்க நிறம் நிறமாக எழுத்து. போன் திரை சின்னது, முதல் எரர் மேலே ஓடிப்போய்விடும், கடைசியாக நிற்பதைப் பார்த்துத் திருத்த ஆரம்பிப்பார்கள். அது அநேகமாக முதல் தப்பு கிளப்பிவிட்ட தப்பாகத்தான் இருக்கும். ஒரு மேற்கோள் குறியை மூடாமல் விட்டால் ஐந்தாறு எரர் கூட வரலாம். எப்போதும் முதல் எரரை மட்டும் திருத்தி, மறுபடி கம்பைல் செய்யுங்கள்.

திரையில் ஒரே ஒரு எரர் மட்டும் வரும்படி செய்ய ஒரு வழி இருக்கிறது. கம்பைல் வரியில் இதையும் சேருங்கள்:

-எஃப்எரர்-லிமிட்=1

எரர் வரி இப்படி இருக்கும்: நெல்.சி:5:41: எரர்: எக்ஸ்பெக்டட் ';' ஆஃப்டர் எக்ஸ்பிரஷன். முதல் எண் வரி, இரண்டாவது எண் அந்த வரியில் எத்தனையாவது எழுத்து. அதாவது ஐந்தாவது வரியின் கடைசியில் ; விட்டுப்போயிருக்கிறது. கீழேயே அந்த வரியையும் காட்டி, இடத்தில் ^ குறியும் வைத்திருக்கும். இவ்வளவு தெளிவாக விரல் வைத்துக் காட்டுகிற எரரைப் படிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புகிறார்களே என்று எனக்கு வருத்தம் உண்டு. முதலில் நீங்கள் ஒரு தடவை வாய்விட்டுப் படியுங்கள், அப்புறம் கேளுங்கள்.

"அன்டிக்ளேர்ட் லைப்ரரி ஃபங்ஷன் பிரின்ட்எஃப்" என்றால் மேலே இன்க்ளூட் வரி இல்லை அல்லது பிழையாக இருக்கிறது. எரர் ஃபைலின் கடைசி வரியைக் காட்டி } எதிர்பார்த்தேன் என்றால், எங்கேயோ திறந்த { மூடப்படவில்லை. "அன்டிஃபைன்ட் சிம்பல்: பவ்" என்று வந்தால், மேத்.ஹெச் சேர்த்திருந்தாலும் கம்பைல் வரியின் கடைசியில் -எல்எம் போட வேண்டும். கணித நூலகம் தனியாக இருக்கிறது, அதை இணைக்கச் சொல்வதற்கு அது.

11. எரரே வராமல் விடை தப்பாக வருவது

எங்கள் பகுதியில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கை எடுத்துக்கொள்வோம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு 40 கிலோ. 100 கிலோ ஒரு குவிண்டால். 7 மூட்டை எத்தனை குவிண்டால்? நெல்.சியில் முக்கியமான வரிகள் மட்டும்:

இன்ட் எம்;
ஸ்கேன்எஃப்("%டி", &எம்);
பிரின்ட்எஃப்("%டி\என்", எம் * 40 / 100);

7 கொடுத்தால் 2 என்று வரும். சரியான விடை 2.8. முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் சி மொழி புள்ளிக்குப் பின்னால் உள்ளதைக் கழற்றிவிடும். 80 கிலோ நெல்லுக்குக் காசு போச்சு. விடை 2 என்று வந்ததும் "ஓடிடுச்சு" என்று அடுத்ததற்குப் போகாமல், கையால் ஒரு தடவை கணக்குப் போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். திருத்தம் இது:

பிரின்ட்எஃப்("%.2எஃப்\என்", எம் * 40 / 100.0);

100-ஐ 100.0 ஆக்கினால் புள்ளிக் கணக்காக மாறும். கூடவே %டியையும் %.2எஃப் ஆக்க வேண்டும், இல்லாவிட்டால் குப்பை எண் வரும். இப்போது 2.80 வரும்.

ஸ்கேன்எஃப் வரியில் & குறியை மறந்தால் கம்பைலர் எச்சரிக்கை மட்டும் கொடுத்துவிட்டு விட்டுவிடும், ஓட்டும்போது "செக்மென்டேஷன் ஃபால்ட்" என்று விழும். எச்சரிக்கையைத் தாண்டிப் போகாதீர்கள், -வால் போடச் சொன்னது அதற்குத்தான்.

இன்னொன்று. எண் ஒன்றை வாங்கிவிட்டு, அடுத்து %சி கொண்டு ஒரு எழுத்தை வாங்கப் போனால், உங்களை அடிக்கவே விடாமல் தாண்டிப் போய்விடும். எண்ணுக்குப் பின்னால் நீங்கள் தட்டிய என்டரை அது எழுத்தாக எடுத்துக்கொண்டது. "%சி" என்பதில் % குறிக்கு முன் ஒரு ஸ்பேஸ் விட்டு " %சி" என்று எழுதுங்கள், சரியாகிவிடும்.

நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் கன்ட்ரோல், சி. ஆப்பை மூட வேண்டியதில்லை.

12. லேப் புரோகிராமைப் போனுக்குக் கொண்டுவருவது

பல லேப்களில் இன்றும் டர்போ சி தான். அங்கே ஓடியது இங்கே ஓடாது. நோட்டில் இருப்பதை அப்படியே அடித்தால் முதல் எரர் "கோனியோ.ஹெச் ஃபைல் நாட் ஃபவுண்ட்". அது பழைய டாஸ் காலத்து ஃபைல், போனில் கிடையாது. அந்த இன்க்ளூட் வரியையும், சிஎல்ஆர்எஸ்சிஆர், கெட்சிஎச் இரண்டையும் எடுத்துவிடுங்கள். வாய்ட் மெயினை இன்ட் மெயின் ஆக்கி, கடைசியில் ரிட்டர்ன் 0 போடுங்கள். கெட்ஸ் இருந்தால் எஃப்கெட்ஸ் ஆக மாற்றுங்கள், 2011-ல் வந்த சி11 தரத்திலேயே கெட்ஸை நீக்கிவிட்டார்கள். கிராஃபிக்ஸ்.ஹெச் பயிற்சிகளை லேபிலேயே செய்துகொள்ளுங்கள்.

எண் அளவும் மாறும். இதை ஒரு நிலக் கணக்கில் பாருங்கள். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஆக ஒரு வேலி 2000 குழி. குழியைக் கொடுத்தால் வேலி, மா, குழி என்று பிரித்துச் சொல்லும் புரோகிராமை எழுதச் சொல்வேன்:

வேலி = கே / 2000;
மா = கே % 2000 / 100;
மீதி = கே % 100;

மாறிகளின் பெயரையும் ஆங்கில எழுத்திலேயே அடியுங்கள். 3457 கொடுத்தால் 1 வேலி, 14 மா, 57 குழி. இங்கே முழு எண் வகுத்தல் நமக்கு உதவுகிறது, நெல் கணக்கில் கெடுத்தது அதேதான். தாத்தாவிடம் கேட்டு விடையைச் சரிபார்த்துவிட்டு வந்த பையன் ஒருவன் உண்டு, அன்றைக்கு எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

இப்போது எதிர்ப்பக்கம்: 20 வேலி எத்தனை குழி? 20 * 2000, அதாவது 40000. போனில் சரியாக வரும். அதையே டர்போ சியில் இன்ட் வைத்துப் போட்டால் -25536 என்று வரும். அங்கே இன்ட் இரண்டு பைட், 32767-க்கு மேல் கொள்ளாது. போனில் நாலு பைட், 2147483647 வரை போகும். வீட்டில் சரியாக வந்தது பரிட்சையில் மைனஸில் வந்தால் பதறாதீர்கள், இன்ட்டை லாங் ஆக்கி, பெருக்கலிலும் 2000எல் என்று எழுதி, %டியை %எல்டி ஆக்குங்கள்.

அதேபோல, லேபில் .சி என்று சேமித்த புரோகிராமில் மாறிகளை எல்லாம் { திறந்ததும் மேலேயே அறிவிக்க வேண்டும். ஃபார் லூப்புக்குள் இன்ட் ஐ என்று எழுதுவது போனில் நடக்கும், அங்கே நடக்காது. பரிட்சை லேபில்தான் என்றால் போனிலும் மேலேயே அறிவித்துப் பழகுங்கள்.

13. எழுதியதை வெளியே எடுத்து வைப்பது

டெர்மக்ஸை நீக்கினால், அல்லது அதன் டேட்டாவை அழித்தால், உள்ளே இருந்த எல்லாப் புரோகிராமும் போய்விடும். போனில் இடம் இல்லை என்று செட்டிங்ஸில் கிளியர் டேட்டா கொடுத்துவிட்டு, செமஸ்டர் முழுக்க எழுதியதை இழந்த பையன் என் திண்ணையிலேயே கலங்கிப்போய் உட்கார்ந்திருக்கிறான். அதனால் ஒரே ஒரு தடவை இதை அடித்து, போன் கேட்கிற அனுமதியைக் கொடுங்கள்:

டெர்மக்ஸ்-செட்டப்-ஸ்டோரேஜ்

அப்புறம் வாரத்துக்கு ஒரு தடவையாவது, லேப் ஃபோல்டருக்குள் இருந்தபடி:

சிபி *.சி ~/ஸ்டோரேஜ்/டவுன்லோட்ஸ்/

.சி என்று முடிகிற எல்லா ஃபைலும் டவுன்லோட்ஸுக்குப் போய்விடும். அங்கிருந்து டிரைவுக்கோ, வாட்ஸாப்பில் உங்களுக்கே நீங்களோ டாக்குமென்டாக அனுப்பிக்கொள்ளலாம். செய்தியாக ஒட்டி அனுப்பாதீர்கள், நட்சத்திரக் குறிகளுக்கு நடுவில் உள்ள எழுத்தை வாட்ஸாப் தடித்த எழுத்தாக்கிவிடும், பெருக்கல் குறி கண்ணுக்கே தெரியாமல் போகும்.

புதுப் போனில் திரும்பக் கொண்டுவர, அங்கும் 3-ம் படியிலிருந்து செட்டப்-ஸ்டோரேஜ் வரை முடித்து, அனுப்பிவைத்த ஃபைல்களை அந்தப் போனின் டவுன்லோட்ஸில் இறக்கிவிட்டு, லேப் ஃபோல்டருக்குள் போய்:

சிபி ~/ஸ்டோரேஜ்/டவுன்லோட்ஸ்/*.சி .

கடைசியில் இருக்கிற அந்தத் தனிப் புள்ளியை விட்டுவிடாதீர்கள். அதற்கு முன்னால் ஒரு ஸ்பேஸும் வேண்டும். "இங்கே, இந்த ஃபோல்டரில் வை" என்று சொல்வது அந்தப் புள்ளிதான்.